பெற்றுக்கொள்வோரின் மௌனம்: முத்துக்குளித்துறையிலிருந்து சில குறிப்புகள்

கொடுத்தவர்களைப் பற்றி எழுத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்தவன், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று தொடங்கி, பள்ளிக்கூடத்து மின்விசிறி இறக்கையில் எழுதிய உபயதாரர் பெயர் வரைக்கும் நம்முடைய பண்பாட்டு நினைவு என்பது பெரிதும் கொடையாளிகளின் பட்டியல்தான். வாங்கிக்கொண்டவர் யார், வாங்கியதை எங்கே வைத்தார், பிரித்துப் பார்த்தாரா, பார்க்க அவருக்கு அவகாசம் இருந்ததா என்கிற கேள்விகள் இந்தச் சொல்லாடலுக்குள் நுழைவதே இல்லை. பாரியின் தேரை வைத்துக்கொண்டு முல்லை என்ன செய்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

1925இல் கொடை குறித்து எழுதிய பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் மூன்று கடப்பாடுகளைச் சொன்னார். கொடுப்பது, பெறுவது, திருப்பிச் செய்வது. மோஸை எடுத்தாளுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதையும் மூன்றாவதையும் பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் இருப்பது நழுவிப் போய்விடுகிறது. பெறுவது என்பது சும்மா கையை நீட்டுகிற காரியம் என்று நினைத்துவிடுகிறோம். அது ஒரு உழைப்பு, அந்த உழைப்பை யார் செய்வது என்பதில் அதிகாரம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் கணினி. 'திறந்த மூல மென்பொருள்' என்று சொல்லப்படுவதில் நிரலின் மூலவடிவம் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கும். குறை கண்டவர் திருத்தம் எழுதி அனுப்பலாம். கூலி கிடையாது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இப்படி வளர்ந்தவை. இன்று உலகத்து வங்கிகளும் தொலைபேசிகளும் அரசாங்கங்களும் இந்த உழைப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வருகிற திருத்தங்களைப் படித்து, சோதித்து, சேர்ப்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கிறவருக்குப் பராமரிப்பாளர் என்று பெயர். பல திட்டங்களில் இவர் ஒரே ஆள். பல சமயம் இவருக்கும் கூலி கிடையாது. திருத்தம் அனுப்பியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பதில் வராமல் காத்திருப்பதும், வெறுத்துப்போய் விலகிவிடுவதும் அந்த உலகத்தில் அன்றாடச் சங்கதி. இதைப் பற்றிய விவாதம் இரண்டு ஓரங்களில் நின்றுவிடுகிறது. ஒரு பக்கம், 'வாசலில் இருப்பவனுக்குத் திமிர்' என்கிறார்கள். இன்னொரு பக்கம், 'இலவசமாகச் செய்பவனைக் கேள்வி கேட்க நீ யார்' என்கிறார்கள். இரண்டுமே பெறுதலை ஒரு தனிமனிதக் குணமாகப் பார்க்கிற பார்வைகள். அதற்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பார்க்க நமக்கு வசதியான இடம் அமெரிக்கா அல்ல. போர்ச்சுக்கீசியர்கள் முத்துக்குளித்துறை என்று பெயரிட்டு எழுதிய, வேம்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் நம்முடைய கடற்கரைதான்.

முதலில் முத்து. குளியாளி கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கி, பாரில் கிடக்கும் சிப்பியை வாரிப் பையில் போட்டு, மூச்சுத் தீருமுன் மேலே வருவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். வீரக் கதையாடல் முழுதும் அந்த ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கரைக்கு வந்த பின் நடப்பதை யாரும் பாடுவதில்லை. சிப்பியைக் குவித்து அழுகவிட வேண்டும். ஊர் தாங்காத நாற்றம். அழுகியதை அலச வேண்டும். சேற்றுக்குள் கடுகளவு முத்தும் போகாமல் பார்க்க வேண்டும். கிடைத்ததைத் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு என்ற கணக்கில் எடை போட வேண்டும். எடையும் எண்ணிக்கையும் சேர்த்து 'செவ்வு' போட்டு மதிப்புக் காண வேண்டும். எடுக்க ஒரு நிமிடம், பெற்றுக்கொள்ளப் பல நாள். பெறுதல் என்கிற உழைப்பின் கன பரிமாணம் இதில் தெரிகிறது.

ஆனால் இதற்குள் ஒரே ஒரு காரியம் மட்டும் மின்னல் வேகத்தில் நடந்தது என்பதை நாம் கவனத்தில் கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் அரசாங்கம் நடத்திய குளிப்புகளில், படகு கரையேறியதும் சிப்பி மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாளிக்கு. அரசாங்கக் குவியல் எண்ணப்பட்டு, அன்று மாலையே ஆயிரக் கணக்கில் ஏலம் போனது. ஒருநாள் கூடத் தாமதம் இல்லை. எண்ணுவதற்கு ஆள், காவலுக்குப் போலீஸ், ஏலத்துக்கு அதிகாரி என்று எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தன. ஏன்? வருமானம். பெறுகிறவனுக்கு வேண்டியிருந்தால் பெறும் அமைப்பு தயாராக இருக்கும். தாமதம் என்பது இயற்கை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதே கரையிலிருந்து, எந்த அரசாங்கமும் ஏலம் போட விரும்பாத ஒரு சரக்கு அனுப்பப்பட்டபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

ஹென்றிக் ஹென்றிக்கஸ், நம்முடைய நூல்களில் அண்டிரிக் அடிகளார். யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காகப் போர்ச்சுக்கலில் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின் இயேசு சபையில் சேர்ந்து, 1546இல் இந்தியாவுக்கும் அடுத்த ஆண்டு இந்தக் கரைக்கும் வந்தவர். 1600இல் இறக்கும் வரை ஏறக்குறைய முழு வாழ்க்கையும் இங்கேதான். அவருக்கு முன் 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த உள்ளூர் ஆட்களை உட்கார வைத்து மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஹென்றிக்கஸுக்கு அது போதவில்லை. லத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு, பரதவர் வாயில் புழங்கிய தமிழை அதற்குள் அடக்கி, அடங்காத இடத்தில் சட்டகத்தையே சற்று வளைத்து, ஒரு இலக்கணம் எழுதினார். 1548, 1549ஆம் ஆண்டுகளில் வேம்பாரிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் அவர் ஐரோப்பாவிலுள்ள மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களில் இந்த வேலை பற்றிய செய்தி இருக்கிறது. ஐரோப்பியர் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் தமிழ் இலக்கணம் இது. செந்தமிழ்ப் புலவர்கள் திரும்பிப் பார்க்காத ஒரு கடற்கரைப் பேச்சுமொழியின் பதினாறாம் நூற்றாண்டு நிலை பதிவான இடமும் இதுதான். தொல்காப்பியமும் நன்னூலும் ஒருபோதும் செய்திராத காரியம்.

அந்தக் காலத்துக் கடிதப் போக்குவரத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதை புரியாது. லிஸ்பனிலிருந்து கப்பல் மார்ச், ஏப்ரலில் கிளம்பி செப்டம்பர் வாக்கில் கோவா சேரும். திரும்பும் கப்பல் டிசம்பர், ஜனவரியில் கொச்சியிலிருந்தோ கோவாவிலிருந்தோ புறப்பட்டு அடுத்த கோடையில் லிஸ்பன் போகும். பருவக்காற்றின் ஆட்சி அது. புன்னைக்காயலில் கேட்ட கேள்விக்குப் புன்னைக்காயலில் பதில் கேட்க, எல்லாம் சரியாக நடந்தாலும், ஒன்றரை வருடத்துக்கு மேல். கப்பல் முழுகினால் அதுவும் இல்லை. இந்தத் தாமதத்துக்கு யாரையும் நோக முடியாது. கச்சான் காற்றோடு யார் சண்டை போடுவது?

காற்று காரணமாகச் சொல்லக்கூடிய தாமதம் இரண்டு வருடம். ஹென்றிக்கஸின் இலக்கணம் அச்சேறியது 1982இல். ஜெர்மனியில், ஹைடல்பெர்க்கில், ஹான்ஸ் பெர்மீர் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் வி.எஸ்.ராஜமும் செய்த விரிவான ஆங்கில மொழிபெயர்ப்பு ஹார்வர்டு வரிசையில் வந்தது 2013இல். நடுவிலிருக்கும் நான்கு நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் அதன் ஒரு கையெழுத்துப் படி கடைசியாக லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடையாகக் கிடந்தது. 'வேண்டாம்' என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 'பிழை இருக்கிறது, திருத்தி அனுப்பு' என்று அச்சுக்கு வழி செய்தவர்களும் இல்லை. மறுப்பு என்றால் அதோடு மல்லுக்கட்டலாம். மௌனத்தோடு என்ன செய்ய? அதிகாரம் மறுப்பதன் மூலம் மட்டும் இயங்குவதில்லை, பிரிக்காத கட்டாக ஓரமாக வைத்திருப்பதன் மூலமும் இயங்குகிறது என்பதற்கு இந்தக் கையெழுத்துப்படி ஒரு நல்ல உதாரணம். இங்கே சதி எதுவும் இல்லை. லிஸ்பனில் அதைப் படித்துச் சரிபார்க்கக்கூடிய ஆள் இல்லை, அவ்வளவுதான். தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் புன்னைக்காயலில் இருந்தார்கள்; பெறும் அதிகாரம் லிஸ்பனில் இருந்தது.

இதன் மறுபக்கம்தான் சுவாரஸ்யமானது. அதே மனிதரின் வேறு நூல்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே அச்சாகின. 1577இல் கோவாவில் ழுவான் கொன்சால்வஸ் என்னும் சகோதரர் தமிழ் எழுத்துகளை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் பாதிரியார் ழுவான் தெ ஃபாரியா அவற்றைத் திருத்தமாக வார்த்தார். 1578 அக்டோபர் 20இல் 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். இந்திய மண்ணில், இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல். 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586இல் 600 பக்கத்துக்கும் மேற்பட்ட 'அடியார் வரலாறு'. அது புன்னைக்காயலில் அச்சானது என்பதே பொதுவான கருத்து. அச்சு வேலைக்காகப் பரதவர்கள் 400 குருசாதோ திரட்டிக் கொடுத்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. அதாவது எழுத்தை வார்த்தவர், பிழை பார்த்தவர், பணம் போட்டவர், படிக்கக் காத்திருந்தவர் எல்லோரும் கொல்லத்துக்கும் புன்னைக்காயலுக்கும் இடைப்பட்ட சில நாள் பயணத்துக்குள் இருந்தார்கள். பெறும் உழைப்பு கரைக்கே வந்துவிட்டது. இலக்கணம் லிஸ்பனுக்குப் போனது, தூங்கியது. ஜெபப்புத்தகம் கரையிலேயே இருந்தது, அச்சேறியது.

இலக்கணத்துக்கு ஏன் 400 குருசாதோ திரளவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பரதவருக்குத் தமிழ் இலக்கணம் எதற்கு? அவர்கள் வாயிலிருந்துதானே அது எடுக்கப்பட்டது! அது ஐரோப்பாவிலிருந்து வரப்போகும் அடுத்த பாதிரியாருக்கான நூல். யாருக்குப் பயனோ அவர்களும், யாரால் சரிபார்க்க முடியுமோ அவர்களும் இரு வேறு கண்டங்களில் இருந்தால் ஒரு நூலின் கதி இப்படித்தான் ஆகும்.

இங்கே இன்னொரு தரப்பும் இருக்கிறது, அவர்களைப் பற்றி வரலாறு இன்னும் கஞ்சத்தனமாக நடந்துகொண்டிருக்கிறது. சவேரியாருக்கு மந்திரங்களை மொழிபெயர்த்தவர்கள் யார்? 'அவர்களுக்குள் அதிகம் தெரிந்தவர்கள்' என்கிற அளவில்தான் கடிதம் அவர்களைச் சொல்கிறது. ஹென்றிக்கஸ் கேட்ட ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் 'வந்தான், வாறான், வருவான்' என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்களை எந்தத் தலைப்புப் பக்கமும் தாங்கவில்லை. விதிவிலக்காக ஒன்று உண்டு. 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் ஜெபப்புத்தகத்தில் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா குருஸ் என்று மூன்று பேர் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். மூவரும் தமிழர்கள் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுத்த பெயர்கள்தான், ஆனாலும் பெயர்கள். ரசீது என்றால் அதுதான். பங்களித்தவருக்குக் கிடைக்கிற மிகக் குறைந்த பதில், 'உன் கையிலிருந்துதான் இது வந்தது' என்று எழுதி வைப்பது. அதற்குக் கப்பல் தேவையில்லை, காற்று தேவையில்லை.

1586க்குப் பிறகு இந்தக் கரையின் அச்சு அடங்கிவிட்டது. வார்த்த எழுத்துகளைப் பராமரிக்க அடுத்த தலைமுறை இல்லை. தமிழ் அச்சு மறுபடியும் தலைதூக்க 1670களின் அம்பலக்காடு வரை பொறுக்க வேண்டியிருந்தது. 1656இல் இறந்துபோன நோபிலியின் 'ஞானோபதேசம்' அங்கே 1677இல் அச்சானது. 1666இல் இறந்த அந்தாம் தெ ப்ரோயென்சாவின் அகராதி 1679இல். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டியிலும் சில காலம் இருந்த வீரமாமுனிவர் 1732இல் முடித்த 'சதுரகராதி'யைச் சென்னைக் கோட்டைக் கல்லூரி அச்சிட்டது 1824இல். எழுதியவர்கள் போய்ச் சேர்ந்தபின் வந்த பதில்கள்.

நானூறு வருடம் கழித்து இந்தக் கட்டுகளைப் பிரிப்பதற்கு ஒரு கை நீண்டதும் தூத்துக்குடியிலிருந்துதான். யாழ்ப்பாணத்தில், ஊர்காவற்றுறைக்கு அருகில் கரம்பனில் பிறந்து, வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்து தமிழ் பயின்ற தனிநாயகம் அடிகள் 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். 1954இல் ஐரோப்பிய நூலகங்களைத் துழாவி, லிஸ்பனில் அந்த 1554ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தையும், வத்திக்கான் நூலகத்தில் 'அடியார் வரலாறு' நூலையும் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 'அடியார் வரலாறு' 1967இல் ச.இராசமாணிக்கம் பதிப்பாகத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் பெயரிலேயே வெளிவந்தது. தனிநாயகம் என்றால் உலகத் தமிழ் மாநாடு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். மேடை கண்ணில் படும், நூலகத்தில் உட்கார்ந்து பட்டியல் புரட்டியது படாது. என்னைக் கேட்டால் அவர் செய்ததில் பெரிய காரியம் இந்த இரண்டாவதுதான்: யாரோ எப்போதோ அனுப்பியதைக் 'கிடைத்தது' என்று கையெழுத்துப் போட்டு வாங்கியது.

இந்த இடத்திலிருந்து மென்பொருளுக்குத் திரும்பினால், அங்கே நடப்பது நமக்குப் புதிதாகத் தோன்றாது. காற்றும் கப்பலும் இப்போது காரணம் இல்லை. திருத்தம் ஒரு விநாடியில் போய்விடுகிறது. ஆனால் படிப்பதற்கு ஆகும் நேரம் 1549இல் ஆன அதே நேரம்தான். ஒரு மனிதன், இரண்டு கண், ஒரு இரவு. அனுப்பும் வேகம் கூடிக்கொண்டே போக, பெறும் வேகம் அப்படியே நிற்கிறது. இப்போது எந்திரங்களே நிரல் எழுதி அனுப்பத் தொடங்கிவிட்ட நிலையில் இந்த இடைவெளி இன்னும் பிளந்துகொண்டு போகிறது. ஆயிரம் பேர் குளிக்கிறார்கள், சல்லடை பிடிக்க ஒரே ஆள்.

தமிழில் இது இரட்டைச் சிக்கல். ஒரு செயலியின் தமிழாக்கத்தையோ தமிழ் எழுத்து திரையில் உடைந்து தெரிவதற்கான திருத்தத்தையோ அனுப்பினால், வாசலில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா என்பதை அவர் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க ஆளில்லாவிட்டால் ஓரமாக வைப்பார். லிஸ்பன் கதை அப்படியே. தமிழர்களே நடத்துகிற திட்டங்களில் மொழிச் சிக்கல் இல்லை, ஆள் சிக்கல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து உப்பளத்திலும் கடலிலும் புழங்கும் சொற்களை, பாத்தி, அம்பாரம், பார், நீவாடு, சம்மாட்டி, வாடை, கொண்டல் என்று பொறுக்கி, ஒரு தன்னார்வச் சொற்பிழை திருத்தித் திட்டத்துக்கு அனுப்பினோம். அந்தச் செயலி இவற்றில் பாதிக்குச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. பெரும்பாலான தமிழ்ச் செயலிகளுக்குக் கடல் என்பது கவிதையில் வருகிற ஒரு பொருள். கிணற்றில் போட்ட கல் மாதிரி, பதினான்கு மாதம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருநாள் நள்ளிரவில் பதில் வந்தது. பகலில் ஒரு கம்பெனியில் வேலை, இரவில்தான் இதைப் பார்க்க முடிகிறது, கூட இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள், 'நீவாடு' என்றால் என்ன என்று சரிபார்க்க ஆளில்லை, நீங்களே பொறுப்பெடுக்கிறீர்களா என்று எழுதியிருந்தார். எங்களில் கொடுக்க வந்தவர்கள் ஐந்து பேர். பெறும் வேலைக்குக் கூப்பிட்டதும் மிஞ்சியது ஒருவர்.

தோழர்களிடம் இதைச் சொன்னால் 'அப்படியானால் அவசரப்படுத்த வேண்டியதுதானே, நெருக்கடி கொடுத்தால்தான் நகரும்' என்கிறார்கள். நெருக்கடியின் அரசியலுக்கு ஒரு சமீபத்திய உதாரணம் இருக்கிறது. 'எக்ஸ்.இசட்' என்பது கோப்புகளைச் சுருக்குகிற ஒரு சின்ன மென்பொருள். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளுக்குள் இருக்கும். பின்லாந்தில் ஒருவர் பல வருடமாகத் தனியாளாக, ஊதியமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் முன்பின் தெரியாத சில பெயர்களிலிருந்து அவருக்குப் புகார்கள் வரத் தொடங்கின. திருத்தங்களை ஏன் இவ்வளவு காலம் கிடப்பில் போடுகிறீர்கள், உங்களால் முடியவில்லை என்றால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. அதே நேரத்தில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒரு பங்களிப்பாளர் பணிவாக, இடைவிடாமல், நல்ல திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுப்பு அவரிடமும் பகிரப்பட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 29இல் அதை வெளிப்படுத்தியவர் ஆந்திரேஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர். தன் கணினியில் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்தவர். புகார் எழுதிய பெயர்களுக்குப் பின்னால் நிஜ மனிதர்கள் இருந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. 'பதில் தாமதமாகிறது' என்கிற நியாயமான குறை, யாரோ ஒருவர் கையில் கடப்பாரையானது. நிறுவனங்கள் கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கட்டடத்தின் அடியில் ஒற்றை ஆளைத் தூணாக நிறுத்தியிருந்தால், அந்த ஆளைச் சோர்வடையச் செய்தாலே போதும், கதவு திறந்துகொள்ளும்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் டெமரேஜ் என்ற சொல்லைச் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் குறித்த நேரத்துக்குள் சரக்கை ஏற்றி இறக்காவிட்டால், கப்பலைக் காக்க வைத்தவர் கப்பல்காரருக்குக் கட்ட வேண்டிய தாமதக் கட்டணம் அது. காத்திருப்பு மணிக்கணக்கில் எண்ணப்படும், பணமாக மாற்றப்படும். தன்னார்வலருடைய காத்திருப்புக்கு டெமரேஜ் கிடையாது. பராமரிப்பாளருடைய இரவுகளுக்கும் கிடையாது. இரண்டு கூலியில்லா உழைப்புகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் விளைச்சலை எடுத்துப்போகிற கம்பெனி இந்தச் சண்டையில் எங்கேயும் தென்படுவதில்லை. மூன்று குவியலில் இரண்டு அன்று மாலையே ஏலம் போய்விட்டது என்பதை மறந்து, மிச்சமிருக்கும் ஒன்றுக்காக அடித்துக்கொள்கிற மாதிரிதான் இது.

தாமதம் எல்லாமே தீங்கு என்று சொல்லவும் எனக்குத் தயக்கம் உண்டு. நாமே தாமதம் கேட்டு நின்ற சந்தர்ப்பம் இருக்கிறது. யூனிகோடு அமைப்பு திறந்த மூல மென்பொருள் அல்ல. பெரிய கம்பெனிகள் உறுப்பினராக இருந்து நடத்துவது. ஆனால் உலகத்து எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் அந்த அமைப்புக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழிவு அனுப்பலாம், கூலியில்லாமல் அனுப்புகிறவர்கள் பலர். 2010இல் கிரந்த எழுத்துக்கான முன்மொழிவில் ழ, ற, ன முதலிய தமிழ் எழுத்துகளையும் சேர்ப்பதா என்ற பிரச்சினை கிளம்பியபோது தமிழகத்தில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. முடிவைத் தள்ளிவைக்கும்படி அரசே கேட்டது. கிரந்தம் 2014இல்தான் அந்தத் தமிழ் எழுத்துகள் இல்லாமல் இடம்பெற்றது. அந்த நான்கு வருடத்தைத் 'தாமதம்' என்பவர்களும் உண்டு, 'கலந்தாலோசனை' என்பவர்களும் உண்டு. ஒரு மக்கள் கூட்டம் தனக்குப் படிக்க அவகாசம் வேண்டும் என்று கேட்டு வாங்கும் தாமதத்தையும், பிரிக்கவே படாமல் கட்டாகக் கிடக்கும் தாமதத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னதில் பதில் சொல்ல ஆள் இருக்கிறது, சண்டையாவது நடக்கிறது.

இதே யூனிகோடில் தமிழ்ப் பகுதி 1991இல் வந்தது. தமிழ் எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரையும் பத்து, நூறு, ஆயிரத்துக்கான குறிகளும் அப்போதே இருந்தன. சுழியம் சேர்ந்தது 2005இல். முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளுக்கும், நிலம், நாணயம், முகத்தலளவைக் குறிகளுக்கும் இடம் கேட்டு ஸ்ரீரமண சர்மா 2012இல் முன்மொழிவு அனுப்பினார். ஓலைகளிலும் பழைய கணக்குப் புத்தகங்களிலும் ஒவ்வொரு குறியும் எங்கே, எப்படி வருகிறது என்று சான்று தேடி அடுக்க வேண்டிய வேலை அது. 2019 மார்ச்சில் 12.0 பதிப்பில் 51 குறிகள் இடம்பெற்றன. அவற்றில் நஞ்சைக்கு ஒரு குறி, புஞ்சைக்கு ஒரு குறி. உப்பளத்துக்கும் ஒரு குறி உண்டு.

தூத்துக்குடிக்காரன் என்ற முறையில் அந்தக் குறியை இந்தப் பக்கத்தில் போட்டுக் காட்ட ஆசைப்பட்டு ஐந்தாறு எழுத்துருக்களில் தட்டிப் பார்த்தேன். எண் இருக்கிறது. அதற்கு உருவம் வரையாத எழுத்துருக்களில் ஒரு வெற்றுச் சதுரம்தான் வருகிறது, தண்ணீர் பாய்ச்சாத பாத்தி மாதிரி.